விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி... அப்படின்னா எத்தனை லாரி தண்ணி?

செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு!

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு அடையாற்றில் பாய்ந்த உபரி நீரின் கணக்கு இது. இன்றைக்கும் அந்த வெள்ளத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்த எண்ணைத்தான் எழுதுகிறார்கள்.

எண் சரி. செய்தியும் சரி. ஆனால் ஜாபர்கான்பேட்டையில் ஆற்றை ஒட்டி குடித்தனம் இருக்கிற ஒரு அம்மாவுக்கு இந்த எண் என்ன சொல்லும்? வீட்டுக்குள் தண்ணி வருமா, வராதா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பணுமா, விடிகிற வரை தூங்கலாமா? அதைச் சொல்லுமா அந்த 29 ஆயிரம்?

சொல்லாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன அடி என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒரு பெட்டி. அதில் 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும். இரண்டு குடத்துக்குச் சற்று குறைவு. அப்படி 29 ஆயிரம் பெட்டி என்றால் 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர்.

தெருவில் தண்ணீர் கொண்டு வருகிற பெரிய டேங்கர் லாரி சென்னைவாசிகள் எல்லாருக்கும் பழக்கம். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் லாரி என்றே வைத்துக்கொள்வோம். 29 ஆயிரம் கன அடி என்பது 68 லாரி தண்ணீர். ஒரு மணி நேரத்துக்கு அல்ல, ஒரு நிமிடத்துக்கும் அல்ல. கண்ணை மூடித் திறக்கிற ஒரு விநாடிக்கு 68 லாரி! ஒரு நிமிடத்துக்கு 4 ஆயிரம் லாரிக்கு மேல்!

"விநாடிக்கு 68 லாரி தண்ணி ஆத்துல வருதாம்" என்று சொல்லிப் பாருங்கள். படிக்காத கிழவிகூட பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள்.

'தாழ்வான பகுதி' எது?

இதுபோன்ற நேரங்களில் வழக்கமாக வருகிற அறிவிப்பின் வாசகத்தை எல்லாரும் கேட்டிருப்பார்கள். ஆற்றின் இரு கரைகளிலும் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

தாழ்வான பகுதி என்று தன் வீட்டை யார் நினைப்பார்? கடன் வாங்கி, நகையை அடகு வைத்து இரண்டாயிரம் சதுர அடியில் வீடு கட்டியவர், 'இது தாழ்வான பகுதி' என்று சொல்லிக்கொள்வாரா? அவர் பக்கத்துத் தெருவைத்தான் கையைக் காட்டுவார். பாதுகாப்பான இடம் எது? பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா? எத்தனை மணிக்குள் போகணும்? ஒன்றும் இல்லை.

அடையாறு எந்த வழியாகப் போகிறது என்பது ரகசியம் அல்ல. அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வரிசையாக ஊர் பெயரைச் சொல்லலாம். தெரு பெயரையும் சொல்லலாம். 'ஆற்றங்கரையில் இருந்து இத்தனாவது தெரு வரை தண்ணீர் வரும், இரவு இத்தனை மணிக்குள் கிளம்பிவிடுங்கள், இந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது' என்று சொன்னால் அதுதான் செய்தி. மற்றது கடிதப் போக்குவரத்து.

அந்த இரவில் ஏற்பட்ட சாவுக்கும் நாசத்துக்கும் மொழி ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மழை அப்படி! தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர். (இதுவும் அப்படித்தான். 49 சென்டி மீட்டர் என்றால் யாருக்குப் புரியும்? மொட்டை மாடியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஓட்டையை அடைத்திருந்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருக்கும். 600 சதுர அடி மாடி என்றால் இரண்டு லாரி தண்ணீருக்கு மேல். ஒரு வீட்டு மாடியில் மட்டும்!) கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. 1878-ம் ஆண்டில் தொடங்கிய 'இந்து' ஆங்கிலப் பத்திரிகையே டிசம்பர் 2-ந் தேதி சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

வெள்ளம் வந்த பிறகு பேப்பர் வராது என்பது இதில் தெரிகிறது. சொல்ல வேண்டியதை வெள்ளத்துக்கு முன்பே, புரிகிற மாதிரி சொல்லியாக வேண்டும்.

டீக்கடை பெஞ்சு

செய்தி என்பது படித்தவர்களின் சொத்தாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஜி.சுப்பிரமணிய ஐயர் 'இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆங்கிலம் தெரிந்த கொஞ்சம் பேரோடு செய்தி நின்றுவிடக்கூடாது என்று 1882-ம் ஆண்டில் 'சுதேசமித்திரன்' என்று தமிழில் வாரப் பத்திரிகை தொடங்கினார். அது 1899-ம் ஆண்டில் தினசரி ஆனது. 1904-ம் ஆண்டில் பாரதியார் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

தமிழில் வந்துவிட்டது. ஆனால் எந்தத் தமிழ்? தலைவர் என்றால் 'அக்கிராசனர்'. செயலாளர் என்றால் 'காரியதரிசி'. தேர்தலில் நிற்கிறவர் 'அபேட்சகர்'. பேச்சு என்றால் 'உபன்னியாசம்'. வண்டிக்காரருக்கும் வயற்காட்டுக்காரருக்கும் அது இன்னொரு இங்கிலீஷ்!

அப்புறம் 1917-ம் ஆண்டில் திரு.வி.க. 'தேசபக்தன்' ஆசிரியராக வந்தார். மேடைக்கும் பத்திரிகைக்கும் தமிழைக் கொண்டுவந்தவர் என்று அவருக்குப் பெயர். 1934-ம் ஆண்டில் 'தினமணி' வந்தது. ஒவ்வொரு படியாக செய்தி கீழே இறங்கி வந்தது.

தெருவுக்கே இறங்கி வந்தது 1942-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. மதுரையில் சி.பா.ஆதித்தனார் 'தந்தி'யைத் தொடங்கினார். லண்டனில் படித்த பாரிஸ்டர் அவர். கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்தவர். அவர் நிருபர்களிடம் கேட்டது என்ன? ஜனங்கள் பேசுகிற தமிழில் எழுதுங்கள், கொச்சையை மட்டும் நீக்கிவிடுங்கள் என்பதுதான். சின்னச் சின்ன வாக்கியம். பெரிய பெரிய எழுத்தில் தலைப்பு. நிறைய படம்.

'இதெல்லாம் ஒரு பத்திரிகையா?' என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. டீக்கடை பேப்பர் என்று கேலி பேசியவர்களும் உண்டு. டீக்கடையில் என்ன நடந்தது என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

இந்தியா முழுவதும் 1951-ம் ஆண்டு கணக்குப்படி நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். டீக்கடை பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒருவர்தான் படிப்பார். மற்ற நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். படிக்கிறவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். வாக்கியம் நீளமாக இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கேட்கிறவருக்கு முதல் பாதி மறந்துபோகும். எனவே வாக்கியம் சின்னதாக இருந்தே ஆக வேண்டும். அது எழுதுகிறவரின் சோம்பேறித்தனம் அல்ல, கேட்கிறவரின் தேவை.

"என்னப்பா போட்டிருக்கான்?"

"அரிசி விலை ஏறுதாம் அண்ணே."

"எவ்வளவு ஏறுதுன்னு சரியா படி!"

இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டு எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். கடை வாசலில் தொங்குகிற போஸ்டரில் கொட்டை எழுத்தைப் பார்த்தே 'அ'னாவும் 'க'னாவும் பிடித்தவர்கள் உண்டு.

எழுத்தைக்கூட சுலபமாக்கினார்கள். பெரியார் 1935-ம் ஆண்டிலேயே 'குடி அரசு' பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். 1978-ம் ஆண்டில் தமிழக அரசு அதை ஏற்றது. தும்பிக்கை மாதிரி வளைகிற பழைய 'லை' போய், இன்றைய 'லை' வந்தது அப்படித்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். 2011-ம் ஆண்டு கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். சந்தோஷம். மீதி 20 பேர்? அந்த 80 பேரிலும் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் மட்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

'420' செத்துப்போச்சு!

வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தடவை. போலீஸ் ஸ்டேஷன் தினமும்.

'அவன் ஒரு போர் டுவெண்டி' என்றால் தமிழ்நாட்டில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஏமாற்றுப் பேர்வழி! இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, சட்டப் புத்தகத்தை விட்டு எழுந்து வந்து சினிமாவில் பேசி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. 302 என்றால் கொலை. 307 என்றால் கொலை முயற்சி. 144 என்றால் கூட்டம் போடக்கூடாது. இதைத் தெரிந்துகொள்ள மக்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி எல்லாம் மாறிப்போனது. இந்திய தண்டனைச் சட்டம் போய் 'பாரதிய நியாய சன்ஹிதா' வந்துவிட்டது. மோசடிக்கு 318. கொலைக்கு 103. கொலை முயற்சிக்கு 109. கூட்டத்துக்குத் தடை போடுகிற 144, இன்னொரு புதிய சட்டத்தில் 163 ஆகிவிட்டது. ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுதான். ஆக, ஒரே நாளில் ஒரே கோர்ட்டில் இரண்டு கொலை வழக்கு நடந்தால் ஒன்றுக்கு 302, இன்னொன்றுக்கு 103!

போலீஸ் கொடுக்கிற செய்திக் குறிப்பில் 'பி.என்.எஸ். 318(4) பிரிவின் கீழ் வழக்குப்பதிவு' என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து அச்சில் போட்டால் அது செய்தியா? சீட்டு கம்பெனியில் பணத்தைப் பறிகொடுத்த பெண் அதைப் படித்து எதைத் தெரிந்துகொள்வாள்? 'மோசடி வழக்கு போட்டிருக்கிறார்கள். குற்றம் நிரூபணம் ஆனால் 7 ஆண்டு வரை ஜெயில்' என்று எழுத இரண்டு வரி போதும்.

பெயர் வைப்பதில் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். 1982-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நில அபகரிப்பாளர்கள் ஆகியோரின் அபாயகரமான நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம்! பிறகு வனக் குற்றம், மணல் கடத்தல், திருட்டு வீடியோ என்று வாலும் நீண்டது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியுமா? ஜனங்கள் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். குண்டர் சட்டம்.

ஆனால் பெயர் சுலபமானால் போதுமா? 'குண்டர் சட்டத்தில் கைது' என்று தினம் தினம் செய்தி வருகிறது. அது தண்டனை அல்ல. விசாரணை நடத்தாமலே ஓராண்டு வரை உள்ளே வைத்திருக்கலாம் என்று எத்தனை செய்தியில் எழுதியிருக்கிறது?

'15 நாள் காவல்' என்கிற செய்தியும் இந்த ரகம்தான். மாஜிஸ்திரேட்டு 15 நாள் ஜெயில் தண்டனை கொடுத்துவிட்டார் என்றே பாதிப்பேர் நினைக்கிறார்கள். 'ஜாமீன் கிடைத்தது' என்றால் விடுதலை ஆகிவிட்டான் என்று நினைத்து, போலீசையும் கோர்ட்டையும் திட்டுகிறார்கள். கேஸ் அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் வெளியே இருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் இல்லை.

சுலபம் வேறு, சூடு வேறு

மாலைப் பத்திரிகைகள் தங்கள் முதுகையும் கொஞ்சம் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறோம் என்ற பெயரில் செய்த அக்கிரமங்கள் கொஞ்சமா?

விபசார வழக்கில் சிக்கிய பெண் என்றால் உடனே 'அழகி'. வயது ஐம்பதாக இருந்தாலும் அழகிதான்! போலீசார் பிடித்த அன்றே ஒருவர் 'கொலைகாரன்' ஆகிவிடுவார். நாலு வருஷம் கழித்து கோர்ட்டு அவரை விடுதலை செய்யும்போது அது ஏழாம் பக்கத்தில் மூன்று வரி. அந்த மூன்று வரியும் இல்லாமல் போவதுண்டு. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது கொஞ்சம் நீளம்தான். 'போலீசார் சந்தேகப்படும் ஆள்' என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

'கற்பழிப்பு' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். சின்ன வார்த்தை, எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. ஆனால் அது சொல்வது பொய். கொடுமை செய்தவன் ஒருவன். அழிந்துபோனது பெண்ணின் கற்பு என்கிறது அந்த வார்த்தை. தப்பு செய்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவள் தலையில் அழுக்கைக் கொட்டுகிறது. அதனால்தான் பத்திரிகைகள் 'பாலியல் வன்கொடுமை' என்று எழுத ஆரம்பித்தன. நீளமான வார்த்தை. முதலில் யாருக்கும் புரியவில்லை என்றார்கள். இன்று டீக்கடையிலும் அந்த வார்த்தை புழங்குகிறது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. தூய தமிழ் என்றால்தான் எளிய தமிழ் என்பது அவர்கள் கட்சி. 'பேருந்து' நின்றுவிட்டது. 'வேட்பாளர்' அபேட்சகரை விரட்டியே விட்டார். நல்லது. ஆனால் 'குளம்பி' கொடுங்கள் என்று எந்தக் கடையில் கேட்பது? மகிழுந்து மோதி வாலிபர் பலி என்றால் அடிபட்டது என்ன வண்டி என்று கேட்கிறான் வாசகன். கார் என்றே எழுதினால் என்ன குடி முழுகிப்போகும்? எந்த வார்த்தை ஜனங்கள் வாயில் இருக்கிறதோ அது போதும். தூய தமிழோ, வடமொழியோ, இங்கிலீஷோ.

புயல் கூண்டு யாருக்கு?

நவம்பர், டிசம்பர் வந்தால் 'துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று பெரிய எழுத்தில் வரும். மொத்தம் 11 கூண்டு. எண் ஏற ஏற ஆபத்து என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து வரைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். 11-ம் எண்ணுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்! இந்தக் கூண்டெல்லாம் கப்பல்காரர்களுக்காக வைத்தது. அயனாவரத்தில் ஓட்டு வீட்டில் இருப்பவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

காற்றழுத்த தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று அடுக்குகிறார்கள். வித்தியாசம் காற்றின் வேகத்தில். மணிக்கு 31 கி.மீ. முதல் 49 கி.மீ. வரை அடித்தால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். இந்த மூன்று வரியை வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டிப் போட்டால்கூட போதும். கடலுக்குப் போகிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் வைத்தார்களே, அது நல்ல வேலை. டிராபிக் சிக்னல் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

வீடு போகிற விஷயம்

எல்லாவற்றையும் விட மோசம், நில எடுப்பு அறிவிப்பு. 2013-ம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டப்படி, நிலத்தை எடுக்கப் போகிறோம் என்று இரண்டு தினசரிகளில் விளம்பரம் செய்ய வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டாரத்து மொழியில் இருக்க வேண்டும். 60 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது.

விளம்பரம் எப்படி வருகிறது? எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. 'புல எண் 112/3பி, பரப்பு 0.04.50 ஹெக்டேர், வடக்கில்...' என்று போகும். அது தன் வீடுதான் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அவருக்குத் தன் வீடு தெருப் பெயரிலும் கதவு எண்ணிலும்தான் தெரியும். 0.04.50 ஹெக்டேர் என்பது 450 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சுமார் இரண்டு கிரவுண்டு. 'இரண்டு கிரவுண்டு' என்று போட்டால் தூக்கிவாரிப் போடும். 0.04.50 என்று போட்டால் பூஜ்யம்தானே என்று பேப்பரை மடித்துப் பொட்டலம் கட்டிவிடுவார்.

அரசாங்க விளம்பரத்தின் வாசகத்தை மாற்ற நிருபருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே ஒரு சின்னச் செய்தி போட யார் தடுத்தார்கள்? எந்தத் தெரு, எத்தனை வீடு, ஆட்சேபணை மனு எந்த ஆபீசில் கொடுக்கணும், கடைசித் தேதி என்ன? இந்த நாலு விவரம் போதும். விளம்பரக் காசை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பத்திரிகைகள் இந்த நாலு வரியையும் போடலாம்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போகிற ஆட்களுக்கும் இப்படி ஒரு விஷயம் தெரியாமல் கிடக்கிறது. வாயால் சொல்கிற புகாரை எழுதிக்கொண்டு, எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். பழைய சட்டத்தில் 154-வது பிரிவு. புதிய சட்டத்தில் 173. எண் மறந்தால் பரவாயில்லை.

"ஐயா, எழுதினதை ஒருதரம் படிச்சுக் காட்டுங்க. காப்பி ஒண்ணு குடுங்க."

இப்படிக் கேட்டால் போதும். காசு கொடுக்கத் தேவையில்லை.